ஊரில்லா ஊருக்கு இரண்டு உறுப்பினர்

குடிமக்கள் நீங்கிய பின்னும் குடியுரிமை நீங்காத ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. வில்ட்ஷயர் மாவட்டத்துக் குன்றொன்றின்மீது அமைந்த பழைய சாரம் என்பது அதன் பெயர். நார்மானியர் அங்கே கோட்டை கட்டினர். 1092இல் பேராலயம் ஒன்றும் திருநிலைப்படுத்தப்பெற்றது. 1220இல் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதனைச் சூழ்ந்து சாலிஸ்பரி நகரம் வளர்ந்தது. குன்றின்மேல் இருந்த ஊரோ தேய்ந்து மறைந்தது.

ஆயினும், 1295இல் நாடாளுமன்றத்திற்கு ஆளனுப்பிய அவ்வூரின் உரிமை மறையவில்லை. அங்கு வாக்குரிமை மனிதரைச் சார்ந்ததன்று. குறித்த சில மனைகளைச் சார்ந்தது. மனையை வாங்கியவர் வாக்கையும் வாங்கினார். எல்லா மனைகளையும் வாங்கியவர் இரு உறுப்பினரையும் தம் விருப்பப்படி அனுப்பினார். இறுதிக் காலத்தில் வாக்காளர் தொகை பன்னிரண்டைக்கூட எட்டவில்லை, அவர்களும் வெளியூரார். திறந்த வெளியில் தேர்தல் என்னும் சடங்கு மட்டும் தவறாது நடந்தது.

இக்கதையில் சென்னைக்கும் இடமுண்டு. இந்திய வணிகத்தில் பொருளீட்டிய தாமஸ் பிட், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொகுதியின் நிலவுரிமையை விலைக்கு வாங்கினார். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக வீற்றிருந்தவரும் அவரே. சென்னையில் அவர் வாங்கிய பெருவைரம் 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஓர்லியான் கோமகனுக்கு விற்கப்பட்டது. இன்று அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒளிர்கிறது. வைரத்தைப் போலவே தொகுதியும் அக்குடும்பத்தின் உடைமையாயிற்று.

தாமஸின் பேரன் மூத்த வில்லியம் பிட், 1735இல் இத்தொகுதியின் வழியாகவே நாடாளுமன்றம் புகுந்தார். அவரே 1766இல், இத்தகைய தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று அவையில் கடிந்துரைத்தார். அந்நூற்றாண்டைத் தாண்டி அவை நிலைக்கமாட்டா என்பதும் அவர் கணிப்பு. கணிப்புத்தான் பிழைத்தது. 1802இல் பிட் குடும்பம் பழைய சாரத்தைக் கேலடன் பிரபுவுக்கு விற்றது. வாங்கியவரின் தந்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் செல்வம் சேர்த்தவர். ஆலைத்தொழிலால் பெருகிய மான்செஸ்டர் நகரம் தனக்கென ஓர் உறுப்பினரும் இன்றிக் காத்திருக்க, ஆளற்ற மேடு இருவரை அனுப்பிக்கொண்டிருந்தது.

1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் பழைய சாரம் உள்ளிட்ட 56 தொகுதிகளை முற்றாக நீக்கியது. மான்செஸ்டருக்கு இரண்டு இடங்களை வழங்கியது. ஆனால் உழைப்பாளருள் பெரும்பாலோர்க்கு அச்சட்டம் வாக்களிக்கவில்லை. பெண்களை வெளிப்படையாகவே விலக்கியது. ஆணுக்கு நிகராகப் பெண்ணும் வாக்களிக்க 1928 வரை காத்திருக்க நேர்ந்தது. மண்ணுக்கு உரியதாயிருந்த வாக்கு மனிதருக்கு உரியதாக ஒரு நூற்றாண்டு பிடித்தது. இன்று அக்குன்றில் எஞ்சியிருப்பவை புல்லும் இடிந்த சுவர்களுமே. வாக்கு விற்பனைப் பொருளானால் ஊர் வெறும் பெயராகிவிடும் என்பதற்கு அவையே சான்று.