மூன்று ஊதுவத்திகள்

தென்சீனக் கிராமங்களிலும் தைவானிலும் ஊர் எல்லையில், பெரும்பாலும் முதுமரம் ஒன்றின் நிழலில், சிறு மாடம் ஒன்றைக் காணலாம். ‘தூதி கோங்’ என்னும் நிலத்தெய்வத்தின் இருப்பிடம் அது. நம் எல்லைச்சாமிகளைப் போல் குதிரையும் அரிவாளும் அவருக்கு இல்லை. வெண்தாடியோடு புன்னகைக்கும் முதியவர் அவர். அந்நிலப்பகுதிக்கு மட்டுமே காவலர். அடுத்த ஊருக்கு வேறொருவர் உண்டு. சில மாடங்களில் சிலைகூட இராது, வெறும் கல்லே இருக்கும்.

வழிபட வருவோர் மூன்று ஊதுவத்திகளை ஏற்றி, இரு கைகளாலும் நெற்றிவரை உயர்த்தி, மும்முறை தலைவணங்கி, சாம்பல் நிறைந்த கலயத்தில் ஊன்றுவர். தேநீரும் கனிகளும் படைப்பர். பொன்வண்ணத் தாள்களை எரிப்பர். இவ்வழிபாட்டின் உயிர் சிலையைவிடக் கலயத்தில்தான் உள்ளது எனலாம். சீனர் புதிய கோயில் எழுப்பும்போது தாய்க்கோயிலின் கலயத்திலிருந்து சிறிது சாம்பலை எடுத்துச் சென்று தம் கலயத்தில் இடுவர். ‘தூபத்தைப் பகிர்தல்’ என்று இதற்குப் பெயர்.

இதே ஊதுவத்தியை அவர்கள் இல்லத்தில் முன்னோரின் பெயர்ப்பலகை முன்னும் ஏற்றுவர். திருச்சபையை நூறாண்டுக்கு மேல் அலைக்கழித்த வினா இங்குதான் பிறந்தது: இது மரியாதையா, வழிபாடா?

1582-இல் மக்காவு வந்திறங்கி, 1601-இல் பெய்ஜிங்கில் குடியேறிய இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி, கோயில் சிலைகளை ஏற்கவில்லை. ஆயினும் முன்னோர்க்குச் செய்வது பிள்ளைகளின் கடமை என்று கண்டார். 1630-களில் வந்த தொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபையினர் அது சிலைவழிபாடே என்றனர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. ரிச்சி மிகுதியும் பழகியது கற்றறிந்த அதிகாரிகளோடு; பின்வந்தோர் எளிய மக்கள் பலகை முன் நின்று வேண்டுவதைக் கண்டனர். உரோமையும் 1645-இல் தடுத்தது, 1656-இல் இசைந்தது. கேள்வி எவ்வாறு முன்வைக்கப்பட்டதோ அவ்வாறே விடையும் அமைந்தது.

இவ்வரலாறு நம் வாசலையும் தொட்டது. திருத்தந்தை 11-ஆம் கிளமெண்டின் தூதர் தூர்னோன், சீனம் செல்லும் வழியில் 1703-இல் புதுச்சேரியில் இறங்கினார். தமிழறியாத அவர், சில மாதங்களே தங்கி, அதிலும் பெரும்பகுதி நோயுற்றிருந்து, தத்துவ போதகர் வழிவந்த மறைப்பணியின் பழக்கங்கள் பலவற்றை 1704 ஜூன் 23-ஆம் நாளிட்ட ஆணையால் தடை செய்தார். பூப்புச் சடங்கும் அவற்றுள் ஒன்று. பின்னர்ச் சீனம் சென்று, 1707-இல் நான்ஜிங்கில் முன்னோர் சடங்குகளையும் தடுத்தார். காங்சி பேரரசர் வெகுண்டார். தூர்னோன் 1710-இல் மக்காவுவில், காவலில் இருந்தபடியே இறந்தார். 1742-இல் 14-ஆம் பெனடிக்ட் தடையை உறுதி செய்து, சீனத்தின் மறைபரப்பாளர்மீது உறுதிமொழியையும் சுமத்தினார்.

இதில் ஒரு விந்தை உண்டு. கி.பி. 250-இல் தேசியுஸ் பேரரசனின் கலாபனையில் உயிருக்கு அஞ்சித் தெய்வச்சிலை முன் தூபமிட்ட கிறிஸ்தவர்களைத் திருச்சபை ‘தூபமிட்டோர்’ என்றே பெயரிட்டு விலக்கியது. மறைசாட்சிகள் மறுத்துச் செத்ததும் இந்தப் புகைக்காகவே. ஆனால் அந்நூற்றாண்டு கழிந்து அடுத்த நூற்றாண்டின் இறுதிக்குள், எருசலேம் உயிர்ப்பு ஆலயத்தில் தூபம் கமழ்ந்ததை எகேரியா என்னும் திருப்பயணி பதிவு செய்கிறார். புகை மாறவில்லை, யாருக்கு என்பது மாறியது.

1939 டிசம்பர் 8 அன்று, 12-ஆம் பத்திநாதர் காலத்தில், இறந்தோர் முன்னும் அவர்தம் பெயர்ப்பலகை முன்னும் தலைவணங்குவது தகும் என்று உரோமை அறிவித்தது. ரிச்சி இறந்து 329 ஆண்டுகள் ஆகியிருந்தன. மரத்தடி நிலத்தெய்வத்தை அவ்வாணை தொடவில்லை. முன்னோரை மதிப்பது வேறு, தெய்வமெனக் கொண்டு வேண்டுவது வேறு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கை உயர்வதும் தலை தாழ்வதும் இரண்டிடத்தும் ஒன்றே. வேறுபாடு வணங்குவோர் உள்ளத்தில் இருக்கிறது. அதை அவரிடமே கேட்டாக வேண்டும்.

நான் கேட்கவில்லை. இளங்குருவாயிருந்த ஆண்டுகளில், ஒரு கல்லறைத் திருநாளன்று, மூதாட்டி ஒருவர் தம் கணவரின் கல்லறை மண்ணில் ஊதுவத்திகளை ஊன்றினார். “மெழுகுதிரி போதும், பாட்டி, அவற்றை எடுத்துவிடுங்கள்” என்றேன். 1939-ஆம் ஆண்டின் ஆணையைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தவன் நான். அவர் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கி, மண்ணில் தேய்த்து அணைத்தார். சற்று நேரத்தில், திருப்பலி முடிந்து, தூபக்கலசத்தை ஆட்டியபடி அதே கல்லறைகளை நான் சுற்றி வந்தேன்.