ரேஞ்ச் மதிப்பீடு (மின்சாரக் கார்)

ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றிய மின்சாரக் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை ஆய்வகச் சோதனையில் அளந்து சொல்லும் எண். முதலில் இதைத் தீர்மானிப்பது பேட்டரியின் கொள்ளளவு. டாடா நெக்சான் காரின் மின்சார வகை 2020இல் 30.2 கிலோவாட்-மணி பேட்டரியுடன் வந்தது. ரேஞ்ச் 312 கி.மீ. 2022இல் வந்த மேக்ஸ் வகைக்கு 40.5 கிலோவாட்-மணி, 437 கி.மீ. மென்பொருளின் வலிமை 2023 ஜனவரியில் தெரிந்தது. மேக்ஸின் பேட்டரி அதேதான், மென்பொருளை மாற்றியதில் ரேஞ்ச் மட்டும் 453 கி.மீ. ஆனது. ஏற்கெனவே வாங்கியவர்களும் பிப்ரவரி 15 முதல் சர்வீஸ் மையத்தில் அந்தப் புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்ள முடிந்தது. பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுப்பது, வேகம் குறைகையில் எவ்வளவு திருப்பிச் சேமிப்பது என்பதெல்லாம் மென்பொருளின் கையில்.

இந்தியச் சோதனையில் ஏ.சி. ஓடாது. கத்திரி வெயிலில் சென்னைக்கு இது பெரிய குறை. பனகல் பூங்காவிலிருந்து அடையாறுக்கு நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால், ஏ.சி. மட்டுமே ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) குடித்துவிடும். சோதனைக் கணக்கில் அது சுமார் 10 கி.மீ. ஓட்டம். 2024இல் வந்த 45 கிலோவாட்-மணி நெக்சானுக்கு 489 கி.மீ. என்ற சான்றளவோடு, நடைமுறையில் 350 முதல் 370 கி.மீ. என்றும் நிறுவனமே அறிவித்தது. மயிலாப்பூரிலிருந்து புதுச்சேரி போய்வர நினைப்பவர் கணக்கில் கொள்ளவேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.