ஆம்புலன்ஸுக்குத் தரம் வந்தாச்சு... உள்ளே இருக்கும் இ.எம்.டி-க்கு எப்போ?

நரிக்குடி பக்கத்துல ஒரு கிராமம். ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போன ஒருத்தரைப் பாம்பு கடிச்சிடுச்சுனு வெச்சுக்கோங்க. 108-க்கு போன் போகுது. வண்டி வருது. திருச்சுழி, அடுத்து அருப்புக்கோட்டை, அங்கேயும் முடியலைனா விருதுநகர் அல்லது மதுரை. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் நிக்கிற அந்த ரோட்டில், அவர் பக்கத்தில் டாக்டர் கிடையாது. இருப்பது ஒரே ஒருத்தர். அவர்தான் இ.எம்.டி எனப்படும் அவசரகால மருத்துவ உதவியாளர்.

அவர் என்ன படிச்சிருக்கார், எத்தனை நாள் பயிற்சி எடுத்திருக்கார்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

யார் இந்த இ.எம்.டி?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டிக்கு ரெண்டு பேர்: ஓட்டுநர், இ.எம்.டி. ஆக்சிஜன் கொடுப்பது, கழுத்தில் அடிபட்டவருக்கு காலர் மாட்டுவது, வழியிலேயே பிரசவம் பார்ப்பது, கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து கொடுப்பது எல்லாம் இவர் வேலை. இந்த வேலைக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பார்த்தால், நர்ஸிங் முடிச்சவங்களும் கேட்கப்படுகிறார்கள். விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகளும் கேட்கப்படுகிறார்கள். தேர்வானவர்களுக்குச் சுமார் 50 நாள் பயிற்சி.

வண்டிக்கு முதலில், மனுஷனுக்கு அப்புறம்!

ஆம்புலன்ஸ் எப்படி இருக்கணும்னு ஏ.ஐ.எஸ்-125 என்ற தேசியத் தரம் இருக்கிறது. முதலுதவி வண்டி, நோயாளியைக் கொண்டுபோகும் வண்டி, அடிப்படை உயிர்காப்பு, மேம்பட்ட உயிர்காப்பு என நாலு வகை. எதில் என்னென்ன கருவி இருக்கணும் என்பது வரை அதில் உண்டு.

உள்ளே உட்காருபவருக்கான சட்டம் 2021 மார்ச்சில்தான் வந்தது. டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கவுன்சில் இருப்பதுபோல, மற்ற மருத்துவத் துறைப் பணியாளர்களுக்கும் ஒரு தேசிய ஆணையத்தையும், மாநில கவுன்சில்களையும், பதிவேட்டையும் அமைக்கச் சொல்கிறது அந்தச் சட்டம். அதன் பட்டியலில் இ.எம்.டி-யும் இருக்கிறார். துணை மருத்துவப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், 2 முதல் 4 வருஷம் படிச்சிருக்கணும் என்பது சட்டத்தின் வரையறை. சட்டம் வந்தும் வேலை மெதுவாகவே நகர, 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சீக்கிரம் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

இப்போ ஒரு சின்ன கணக்கு. 50 நாள் பயிற்சியை ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு வெச்சாலும் 400 மணி நேரம். 2,000 எங்கே, 400 எங்கே?

கரிசக்காட்டுக்கு ஏன் இது முக்கியம்?

மதுரை டவுனுக்குள்ள பத்து நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரி வந்துடும். திருச்சுழி பக்கம் அப்படியில்லை. தூரம் கூடக் கூட, சிகிச்சையின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே நடக்குது. பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட இடத்தை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல அசையாமல் வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் என்பதுதான் தேசிய வழிகாட்டுதல். எந்த மாவட்டத்தில் எந்த வண்டி வந்தாலும் இதையே செய்யணும். தரம் என்பதற்கு அர்த்தம் அதுதான்.

அமெரிக்காவும் இதே இடத்தில் நின்ற நாடுதான். 1960-களில் அங்கே இறுதிச்சடங்கு நடத்தும் நிறுவனங்களின் வண்டிகளே பல ஊர்களில் ஆம்புலன்ஸாக ஓடின. 1966-ல் வந்த ஓர் அறிக்கை அந்த நிலைமையைப் போட்டு உடைத்தது. 1970-ல் தேசியப் பதிவேடும், 1971-ல் பொதுத் தேர்வும் வந்தன.

பழைய ஆட்களை என்ன செய்வது?

சிக்கலே இங்கேதான். பத்து, பதினஞ்சு வருஷமா ராத்திரி பகலா 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்து, எத்தனையோ பிரசவம் பார்த்தவரிடம் "உங்க 2,000 மணி நேரம் எங்கே?" என்று கேட்டால் அது நியாயமா? அவர் அனுபவத்தை மதித்து, விட்டுப்போன பாடத்தை மட்டும் படிக்க வெச்சு, தேர்வு நடத்திப் பதிவு கொடுப்பதே சரியான வழி. அந்தப் பதிவு இருந்தால், நாளைக்கு வேற ஊருக்கோ வேற ஆஸ்பத்திரிக்கோ போனாலும் அவர் அனுபவம் கணக்கில் வரும். இல்லைனா ஒவ்வொரு இடத்திலும் புது ஆளாகவே நிக்கணும்.

நீங்களும் படிக்கலாம்!

ப்ளஸ் டூ-வில் உயிரியல் எடுத்தவங்களுக்கு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி விபத்து மற்றும் அவசர சிகிச்சை தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. 3 வருஷப் படிப்பு, 1 வருஷ இன்டர்ன்ஷிப்.

108-க்கு போன் பண்ணும்போது...

* ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் அடையாளம் (கோயில், பஸ் ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி) மூணையும் சொல்லுங்க.
* மூச்சு இருக்கா, நினைவு இருக்கா என்பதைப் பார்த்துச் சொல்லுங்க.
* அவங்க வைக்கிற வரை நீங்க போனை வைக்காதீங்க.
* ராத்திரினா, யாராவது ஒருத்தர் டார்ச்சோட மெயின் ரோட்டில் நில்லுங்க.

வண்டி வந்ததும், இறங்கி வர்ற இ.எம்.டி வேலை செய்ய இடம் விடுங்க. அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்க ஆளின் உயிர் அவர் கையில்தான்.