விண்டோஸை மாத்தலாமா? உத்தனப்பள்ளியில் கேட்ட ஒரு பழைய கேள்வி

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. அங்கே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சே. 11-க்கு மாத்தலாமா, இருக்கிறதை வெச்சே ஓட்டலாமா?"

எல்லை ஊர் என்பதால் அவர் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை தமிழிலும் வரும், தெலுங்கிலும் வரும், கன்னடத்திலும் வரும். சட்டுன்னு பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் கணினிக்குத் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து எழுத்துரு செய்தார்கள். 'அ' என்று நாம் பார்ப்பதைக் கணினி ஏதோ ஓர் ஆங்கிலக் குறியாகத்தான் சேமித்தது. அந்த எழுத்துரு இல்லையென்றால் கோப்பு வெறும் கிறுக்கல். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.

உண்மையான திருப்பம் யூனிகோடு. விண்டோஸ் 2000-இல் தமிழுக்கு லதா எழுத்துரு வந்தது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது தெலுங்குக்கு கௌதமி, கன்னடத்துக்கு துங்கா. உத்தனப்பள்ளி மாதிரி ஊருக்கு இது பெரிய விஷயம்: மூன்று மொழியும் ஒரே கோப்பில், ஒரே முறையில். ஆனாலும் அச்சு வேலை செய்தவர்கள் பலர் பழைய எழுத்துருவை விடவில்லை. கை பழகியிருந்தது, பேஜ்மேக்கரும் அதோடுதான் ஓடியது. தமிழ்நாடு அரசே 2010 ஜூனில்தான் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

அடுத்த நெருக்கடி 2014 ஏப்ரல் 8. எக்ஸ்பிக்கு சப்போர்ட் நின்றது. அப்போது தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்ன மாற்று, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். மாற்றுவது என்றால் புது விண்டோஸ் வாங்குவது மட்டுமே வழி இல்லை என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இப்போது 11. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினிகளை அது முறைப்படி ஏற்காது. அது 64 பிட்டில் மட்டுமே வருவதால், 16 பிட் காலத்து மென்பொருள் எதுவும் அதில் நேரடியாக ஓடாது.

ஆக, ஒவ்வொரு முறையும் சிக்கல் கணினியில் இல்லை, அதற்குள்ளே இருக்கும் எழுத்தில்தான். நண்பரின் கணினியில் இருபது வருசத்துப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள் கிடக்கின்றன. யார் வீட்டில் எந்த மொழியில் பத்திரிகை அடித்தார்கள், எப்போது தெலுங்கோடு தமிழும் சேர்ந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாளைக்கு இந்த எல்லையின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: "மாத்துங்க, ஆனா அவசரப்படாதீங்க. முதல்ல எல்லாத்தையும் ரெண்டு இடத்துல காப்பி எடுங்க, எழுத்துருவையும் சேர்த்து. ஒவ்வொன்னுக்கும் பிடிஎஃப் போட்டு வையுங்க. முக்கியமானதை யூனிகோடுக்கு மாத்திப் பிழை பாருங்க. பழைய கணினியை இணையத்துல இருந்து கழட்டி, ஓரமா வெச்சிக்குங்க. அப்புறம் 11-ஓ லினக்ஸோ, உங்க இஷ்டம்."

"அந்தப் பழைய பெட்டியை எடைக்குப் போட இருந்தேன்ணா" என்றார்.