உடையவன் எழுதிய சுருள்

சட்டத்தின் வரலாற்றை ஆராய ஒரு சங்கம் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சட்டம்னா நமக்கு போலீஸ் ஸ்டேஷன், வாய்தா, ஜாமீன். அதுக்கு வரலாறு வேறயா?

1887-ல் மெய்ட்லண்ட் முன்கை எடுக்க, இங்கிலாந்தின் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சேர்ந்து தொடங்கியது செல்டன் சங்கம். பழைய நீதிமன்றச் சுருள்களைப் படித்து, ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சிடுவது அதன் வேலை. என்னைப் பிடித்துக்கொண்டது 1889-ல் வந்த இரண்டாம் தொகுதி. 13-ஆம் நூற்றாண்டுப் பண்ணை நீதிமன்றங்கள்.

பண்ணை உடையவனே நடத்தும் கோர்ட். அபராதமும் அவன் பெட்டிக்கே. அங்கே நிற்கிறவன் 'வில்லெய்ன்', மண்ணோடு கட்டப்பட்ட உழவன். நம்ம சினிமா வில்லன் இவன் பெயரிலிருந்து வந்தவன்தான். உழைத்தவன் பெயர் கெட்டவன் பெயராச்சு. 'பறையா' என்பதை ஆங்கில அகராதி என்ன செய்து வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

மகளைக் கட்டிக்கொடுத்தால் உடையவனுக்குக் காசு. கல்யாணமாகாத பெண் ஒருத்தனோடு சேர்ந்தால் தண்டம். தானியத்தை வேறு ஆலையில் அரைத்தால் தண்டம். குடும்பத்தலைவன் செத்தால் கொட்டிலில் இருப்பதிலேயே நல்ல மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். 6 பென்ஸ், 12 பென்ஸ் என்று கணக்கு நீள்கிறது. நடுவில் சில பெயருக்கு நேரே, ஏழை என்பதால் விட்டாச்சு என்ற குறிப்பு. அரசன் கோர்ட்டுக்குப் போய், என் நிலத்தைப் பிடுங்கிட்டான் என்று முறையிட்டாலும், 'இவன் என் வில்லெய்ன்' என்று உடையவன் மெய்ப்பித்தால் போதும். வழக்கு முடிந்தது.

1381 கலகத்தில் உழவர்கள் பல ஊர்களில் தேடித்தேடிக் கொளுத்தியது இந்தச் சுருள்களைத்தான். மெய்ட்லண்ட் பாடம் நடத்திய கேம்பிரிட்ஜிலும் அப்போது பல்கலைக்கழகத்தின் சாசனங்களைச் சந்தையில் போட்டு எரித்தார்கள். படிக்காத கூட்டத்தின் வெறி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தத் தாள் தங்களைக் கட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் எரித்தவர்கள் பக்கம்தான். ஆனாலும் தீயில் தப்பிய சுருள் இல்லையென்றால் அந்த உழவனின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்காது. அதுவும் உடையவனின் குமாஸ்தா கையால், வசூலுக்காக எழுதப்பட்ட பெயர். இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்க தாத்தாவுக்கு ஊர்ப் பஞ்சாயத்து ஒருமுறை தண்டம் போட்டது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "எவ்ளோன்னு ஞாபகமில்லப்பா. அதக் கட்ட ஆட்ட வித்தாங்க. கருப்பு ஆடு, நெத்தியில வெள்ளை" என்றாள்.