காவடி நடந்த குளக்கரைகள்

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் உள்ள ராயகிரியிலிருந்து மலைக்கு முதுகுகாட்டிக் கிழக்கே நடப்போர் ஒரு காலைப் பொழுதில் கரிவலம்வந்தநல்லூரை அடைந்துவிடலாம். இடையில் கிடப்பவை ஊர்களும் வயல்களும் குளங்களுமே. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஓடைகள் சமவெளியில் இறங்கியதும் குளங்களில் தேக்கப்படுகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் பெருகும். கரைக்கு மேற்கே ஆழமற்ற உள்வாய். சம்பும் கோரையும் ஆம்பலும் மண்டிய சதுப்பு. நாமக்கோழியும் நாரையும் இரைதேடும் இடம். கரைக்குக் கிழக்கே மடை, வாய்க்கால், நெல்வயல். நடப்பவருக்குக் கால் நனையாத வழி என்று இந்நிலத்தில் கிடைப்பது பெரும்பாலும் குளக்கரைதான்.

குற்றாலத்துக்குத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி வாய்த்தது. இக்குளநிலத்துக்கு வாய்த்தது காவடிச் சிந்து. ஆனால் சிந்துக்கு முன்னரே இங்கு வேறொரு இலக்கிய வாழ்வு இருந்தது. நிட்சேப நதிக்கரையிலுள்ள கரிவலம்வந்தநல்லூர், தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராமன் அரசிருந்த ஊர். ‘பிரமோத்தர காண்டம்’ பாடிய அம்மன்னனின் ஏட்டுச்சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருந்ததாகக் கேள்வியுற்று உ.வே.சாமிநாதையர் அங்கே சென்றார். அவருக்குக் கிடைத்த விடையைத் தமிழுலகம் மறக்கவில்லை: பழுதுபட்ட ஏடுகளைச் சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள். 1940இல் இதழில் வெளிவரத் தொடங்கிய ‘என் சரித்திரம்’ இதனைப் பதிந்து வைத்திருக்கிறது. எரிந்தவை எந்த எந்த நூல்கள் என்று இனிக் கணக்கிட வழியில்லை.

அந்த ஊருக்கு அருகிலுள்ளதுதான் சென்னிகுளம். அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர். திருவாவடுதுறையில் சிறிது காலம் பயின்று, ஊற்றுமலை சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவையில் புலவராக விளங்கிய அவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இளமையிலேயே மறைந்தார். மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது உடன் சென்ற ரெட்டியார் வழிநெடுகப் பாடியவையே காவடிச் சிந்து என்பது வழிவழி வரும் செய்தி. கழுகுமலையின் நகர வளத்தையும் கோயில் வளத்தையும் பாடியவர் வாவியின் வளத்தையும் பாடினார். குளக்கரைகளில் வளர்ந்த ஒருவர் நீர்நிலையைப் பாடாமல் விட்டிருந்தால்தான் வியப்பு.

நடைக்கும் பாட்டுக்கும் தமிழில் உள்ள உறவு மிகப் பழையது. பொருநரும் பாணரும் கூத்தரும் நிலம் நிலமாகக் கடந்து செல்லும் வழியையே ஆற்றுப்படை நூல்கள் பொருளாகக் கொண்டன. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினமும் வேலூரும் ஆமூரும் வரிசைப்பட வருகின்றன. பிற்காலத்து வழிநடைச் சிந்துகள் அதே வேலையை எளிய மக்களுக்காகச் செய்தன: அடுத்த ஊர் எது, சத்திரம் எங்கே, தெய்வம் எது என்று பாடிக்கொண்டே போகலாம். புலவர் உலகம் இவற்றை நெடுங்காலம் கீழாகவே மதித்தது. அம்மதிப்பீடு தவறானது. தோளிலே சுமையுள்ளவன் மூச்சை வீணாக்க இயலாது; அடி எங்கே முடிய வேண்டும், தனிச்சொல் எங்கே விழ வேண்டும் என்பதை அவனுடைய காலும் மூச்சும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மும்மை நடையும் நான்மை நடையும் மாறி மாறி வருவதை ஏட்டில் அளந்து காட்டலாம். கரைமீது நடந்து பாடிப் பார்த்தவருக்கே அது ஏன் மாறுகிறது என்று புலப்படும்.

பருவமும் இதில் கலந்திருக்கிறது. தைப்பூசக் காவடி செல்லும் நாளில் வடகிழக்குப் பருவமழையின் நீர் குளங்களில் நிற்கும். வழி கரையேறிச் சுற்றிச் செல்லும். ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். பங்குனி உத்திரத்துக்குள் நீர் வற்றி உள்வாய் வெளிப்படும். குறுக்கே இறங்கலாம், ஆயினும் காய்ந்த மேலோட்டின்கீழ் உளை இருக்கும், கால் தாளம் தப்பும்.

கழுகுமலைக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார் சிந்து வடிவத்தை விரும்பி எடுத்தாண்டதற்கு, அவர் காதில் விழுந்த இத்தகைய வழிநடைப் பாட்டுகளும் ஒரு காரணமாதல் கூடும். சீர்திருத்திய அச்சுப் பதிப்புகளைக் காட்டிலும் காவடிக்காரர்களின் குரலே சிந்தைத் தொலைவூர்களுக்குக் கொண்டு சென்றது. கோயிலின் காப்பில் இருந்த ஏடுகள் அழிந்தன. தெருவில் நடந்த பாட்டு நின்றது.

இன்று பல குளங்களின் உள்வாயைச் சீமைக்கருவேல் அடைத்துக் கொண்டிருக்கிறது. சம்பும் ஆம்பலும் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிட்டன. பாதயாத்திரை செல்லும் அடியார் கூட்டம் குறையவில்லை. ஆனால் அவர்கள் தார்ச்சாலை வழியே, முன்னே செல்லும் ஊர்தியின் ஒலிபெருக்கிக்கு ஏற்பக் கால் வைக்கிறார்கள். ஊர்தி எழுப்பும் தாளம் வாகன வேகத்துக்கு உரியது. பழைய நடையறிந்த முதியவர் ஓரிருவர் சில ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்து வைப்பது இலக்கிய வட்டங்களின் கைக்கு எட்டிய பணி. அதற்கு ஒரு தைமாதக் காலைப் பொழுது போதும்.