பூசலார் எடுத்த அன்பாலயம்

சிவமயம்

சென்னைக்கு மேற்கே, ஆவடியைக் கடந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புகைவண்டிப் பாதையில் திருநின்றவூர் என்னும் பழம்பதி விளங்குகின்றது. தொண்டை நாட்டின் இப்பகுதி தொன்றுதொட்டுச் சிவமணம் கமழ்வது. திருஞானசம்பந்தர் பாடிய திருவேற்காடும், சுந்தரர் பாடிய திருமுல்லைவாயிலும் இதன் அண்மையில் உள்ளன. மூர்க்க நாயனாரைத் தந்தது திருவேற்காடு. பூசலார் நாயனாரைத் தந்தது திருநின்றவூர். கைப்பொருள் ஒன்றுமின்றிக் கோயில் எடுத்த அப்பெரியாரின் வரலாறு, குடமுழுக்குக் காணும் அன்பர் அனைவரும் சிந்திக்கற்பாலது.

பூசலார் அந்தணர் குலத்தில் தோன்றியவர். சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் அமைத்தல் வேண்டும் என்னும் விருப்பம் அவர் உள்ளத்தில் எழுந்தது. பல இடங்களிலும் பொருள் தேடி முயன்றார்; சிறிதும் கிட்டவில்லை. வருந்தினார், ஆயினும் விருப்பத்தைக் கைவிட்டாரல்லர். மனத்தினாலேயே பொருள் திரட்டினார். தச்சரைத் தேடிக் கொணர்ந்தார். நன்னாள் பார்த்து, ஆகம விதி வழுவாது அடிநிலை இட்டார். இரவிலும் கண்துயிலாது, உபானம் முதல் சிகரம் ஈறாக உரிய அளவிற் சமைத்தார். தூபி நட்டார், சுதை பூசினார், கிணறும் திருக்குளமும் தோண்டினார், மதிலும் எடுத்தார். நினைத்த மாத்திரத்தில் அக்கோயில் முடிந்ததன்று. நெடுநாட் பணியாய் வளர்ந்தது. கோயில் வளர வளர, அவருடைய அன்பும் உடன் வளர்ந்தது.

அக்காலத்தே காஞ்சியில் காடவர் கோமான் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி ஒன்று எழுப்பினான். பூசலார் தாபனத்துக்குக் குறித்த நாளே அவனும் குறித்த நாளாயிற்று. முதல்நாள் இரவு இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை புகுவதாகவும், அவன் தன் விழாவைப் பின்னொரு நாளில் நடத்துமாறும் பணித்தருளினான். அரசன் நின்றவூர் அடைந்து, பூசலார் எடுத்த கோயில் யாதென வினவினான். அப்படியொரு கோயில் இல்லை என்றனர் ஊரார். அரசன் அவரிருந்த இடத்துக்குத் தானே சென்று வணங்கிக் கேட்டான். தம்மையும் ஒரு பொருளாக இறைவன் கருதினானே என்று மருண்ட பூசலார், மனத்தினால் எடுத்த கோயில் என்று உண்மை உரைத்தார். அரசன் நிலமுற வீழ்ந்து பணிந்து மீண்டான். பூசலார் குறித்த வேளையில் இறைவனை உள்ளத்தே தாபித்து, நாள்தோறும் பூசனை புரிந்து, முடிவில் திருவடி நிழல் எய்தினார்.

அரசனது கற்றளி காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே என்பதும், அவன் 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட இராசசிம்ம பல்லவனே என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு அவனைச் சைவ சித்தாந்த நெறியில் நின்று மலம் நீங்கியவன் எனப் புகழ்கின்றது. முன்னை யுகத்து அரசர் அசரீரி வாக்குக் கேட்டது வியப்பன்று. கலியுகத்தில் இவன் கேட்டதே வியப்பு என்றும் கூறுகின்றது. அறிஞர் அவ்வாக்கைப் பூசலார் வரலாற்றோடு இயைத்துக் காண்பர்.

வீடுபேற்றுக்கு அன்பே வழி என்பது சித்தாந்தத் துணிபு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரத்தில், மறவாத அன்பினால் உயிர் அரன் திருவடியைச் சேரும் என்று தெளிவிக்கின்றது. அம்மறவாமை ஒரே நாளில் வாய்ப்பதன்று. செங்கல்மேற் செங்கல் வைப்பதுபோல் நாள்தோறும் பயின்று வளர்க்கற்பாலது. பூசலாரின் கண்துயிலா இரவுகள் உணர்த்துவது இதனையே.

அங்ஙனமாயின் கல்லும் சுதையும் வேண்டாவோ எனின், அற்றன்று. இறைவன் அரசனது கோயிலை வேண்டாவென்று விலக்கவில்லை. பின்னொரு நாள் என்றே அருளினான். பூசலாரும் முதலில் புறக்கோயிலையே விரும்பிப் பொருள் தேடினார். சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம், ஞானம் பெற்றோரும் ஆலயத்தை அரன் எனவே தொழுவர் என்கின்றது. இவ்வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழார் பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். மனக்கோயிலைப் பாடிய அவரே தம்மூரில் திருநாகேச்சரம் என்னும் கோயிலையும் எடுத்தார். அகக்கோயிலும் புறக்கோயிலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன.

இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் ஆலயம் பூசலாரின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. இதயநோயுற்றோர் அங்குச் சென்று வேண்டி வழிபடுகின்றனர். ஐப்பசி அனுடம் நாயனாரின் குருபூசை நாள்.

ஆலயத் திருப்பணிக்குப் பொருள் வழங்கும் செல்வர் காடவர் கோமானின் வழியினர். வழங்க ஒன்றுமின்றிக் கைகூப்பி நிற்கும் ஏழையர் பூசலாரின் வழியினர். இருவர் தொண்டும் இறைவனுக்கு உகந்ததே. ஆயினும் அவன் முதலில் நோக்குவது, கோயிலுக்கு அளித்த கல் அளித்தவர் நெஞ்சில் முன்னரே நாட்டப்பெற்றதா என்பதையே. அங்ஙனம் நாட்டியவர் உள்ளத்தில் குடமுழுக்கு நாள்தோறும் நிகழும்.

திருச்சிற்றம்பலம்